தம்பி தட்டில் வைத்த மீன்

யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறவள் நான். இந்த வயதிலும் அப்படித்தான். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னேன். அதை யாரும் நம்பவில்லை.

அப்போது கடலூர் முதுநகரில் இருந்தோம். லீவுக்குச் சிதம்பரத்தில் மாமா வீட்டுக்குப் போன தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அம்மா போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அடக்கமும் அங்கேயே. "மீன் கேட்டானாம். பசியோடயே போய்ட்டான்" என்பதைத் தவிர அம்மா வேறு பேச்சே பேசவில்லை. அவனுடைய குட்டி அலுமினியத் தட்டு அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது.

நான் கோயிலில் ஞானோபதேசம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லுத்தரன் சபையில் அதை ஒப்பித்தால்தான் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தில் சேர்ப்பார்கள். பாடம் சொல்லித்தந்த உபதேசியார் கையில் எப்போதும் குச்சி இருக்கும்.

"இயேசுசாமி மெய்யான தேவன், மெய்யான மனுஷன். சுபாவம் ரெண்டு, ஆள் ஒண்ணுதான். தேவன் தனி, மனுஷன் தனின்னு எவளாவது பிரிச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்."

உயிர்த்தெழுந்த பிறகும் அவர் மீன் வாங்கிச் சாப்பிட்டார் என்றார். அந்த மனுஷனாகவேதான் இன்றைக்கும் எல்லா இடத்திலும் இருக்கிறார் என்றார். நான் பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளி, "எங்க வீட்லயுமான்னு கேளுடி" என்றேன். கேட்டாள்.

"உங்க வீட்டு அடுப்படியிலயும் இருக்கார். ஒழுங்கா உக்காரு."

மனுஷன் என்றால் பசிக்கும். எங்கள் அடுப்படியில் இருக்கிறவருக்கு இதுவரை யாரும் ஒரு வாய் கொடுத்ததில்லை என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டு அத்தை சங்கரா மீன் வறுத்துக் கொடுத்தனுப்பினார். வீட்டில் வேறு தட்டு மிச்சமில்லை. தம்பியின் தட்டில் சோறும் மீனும் வைத்தேன். தம்பி உட்காரும் மூலைதான் காலியாக இருந்தது. அங்கே வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தேன்.

சாயந்திரம் எங்களுக்காக ஜெபம் பண்ண உபதேசியாரை அப்பா அழைத்து வந்தார். அவருக்குத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போன அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"செத்த புள்ளைக்குப் படையலா? மங்கலம்பேட்டை ஜனங்க பழக்கம் இன்னும் விட்டுப் போவலையா இந்த வீட்ல?"

மங்கலம்பேட்டையில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் சாமி கும்பிடுகிறவர்கள். செத்தவர்களுக்குப் படைப்பார்கள். எங்கள் சபையில் அப்படிச் செய்தால் திருவிருந்து கிடையாது.

"நான்தான்ப்பா வச்சேன். இயேசுசாமிக்கு."

"அம்மாவுக்குப் பரிஞ்சு பேச வந்துட்டியா?"

உபதேசியார் எட்டிப் பார்த்தார். "இயேசுசாமிக்கா? ஏன், அவரு பசியிலயா கெடக்கறாரு?"

"மெய்யான மனுஷன்னு நீங்கதானே…" என்றேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

கொல்லையிலிருந்து அம்மா வந்தாள். தட்டைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள்.

"அவளை விடுங்க. நான்தான் வச்சேன். எம் புள்ளைக்கு."

அப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் குரலைத் தாழ்த்தி, "நாளைக்குத் திருவிருந்தும்மா. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார்.

"எது தப்பு?" என்றாள் அம்மா.

மறுநாள் எல்லாரும் பீடத்தண்டை முழங்காலில் நின்றபோது அம்மா மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெகுகாலம் அங்கேயேதான் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை ஜெபம் முடிந்து உபதேசியார் போனதும், அம்மா அந்தத் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் அடி வாங்கக் கூடாதென்றுதான் அப்படிப் பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு நானும் ஒட்டி உட்கார்ந்தேன். மீனைப் பிட்டு, சின்னப் பிள்ளைக்கு எடுப்பதுபோல முள்ளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் ஊட்டப்போகிறாள் என்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தேன்.