ஆறும்வரை பொறுக்காத கை

ஆதம்பாவா தன் தங்கை பரீதாவுக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டார். கைநீட்டி வாங்கிய கடன் அல்ல. வாயால் வந்த கடன்.

கிண்ணியாவில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எண்ணெய் துடைக்கப் போய், மோட்டர் கட்டக் கற்று, வெள்ளைக்காரன் கப்பலேறிய பின் சொந்தக் கடை போட்டவர். அப்படிக் கையூன்றி எழுந்தவனின் நிமிர்வு காசுக்குக் கிடைக்குமா? "மிஷின் சூடா இருக்கக்குள்ளதான் நோய் பிடிபடும். ஆறவிட்டாப் பொய் சொல்லும்" என்பார். தளத்தில் படித்த அந்த ஒரு பாடத்தை வைத்தே பேரெடுத்தார். சும்மா இல்லை, ஊரே மெச்சப் பேரெடுத்தார்.

பரீதா கணவனை இழந்தவள். ஒரே மகன் தாஹிர் குவைத்தில் கட்டட வேலைக்குப் போய், முதல் சம்பளங்களைச் சேர்த்து உம்மாவுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி அனுப்பினான். அடுத்த வருடம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து அங்கேயே அடக்கமானான். அந்தப் பெட்டியில் இனிப்புநீரைப் பையில் உறையவைத்து ஐஸ் பக்கற் விற்றுத்தான் பரீதாவின் அடுப்பு எரிந்தது. அது உறுமும் சத்தம் கேட்டால்தான் அவளுக்குக் கண் மூடும்.

எண்பத்தோராம் ஆண்டு, ஒரு நண்பகலில் மின்சாரம் நொடிப்பொழுது போய் வந்தது. பெட்டி முனகியது, ஓடவில்லை. ஆதம்பாவா வந்து மின் ஆளியைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.

"கொஞ்சம் ஆறவிட்டுப் பாப்பமா நானா?" என்று அண்ணனிடம் கேட்டாள் பரீதா.

"நீ எனக்குப் படிப்பிக்கிறியா? மோட்டர் இறுகிட்டு. சரி, முடிஞ்சுது. வெறும் பெட்டியா வித்துரு."

அவரே நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் மின் வேலைக்காரன் சிவகுருவைக் கூட்டிவந்தார். நானூறு ரூபாய். பரீதா முந்தானையால் பெட்டியின் கதவைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். துறையில் மிதவையேறிப் பெட்டி போயிற்று.

மறுநாள் சிவகுரு சிரித்துக்கொண்டே கடைக்கு வந்தான்.

"நானா, நீங்கள் செத்திட்டார் எண்டு மௌத்தாக்கின ஆள் எங்கட குசினியிலை எழும்பி ஓடுறார்!"

"பகிடி விடாத தம்பி."

"பகிடியில்லை. இது புதுமாதிரி. மோட்டரைக் கிளப்புறது ஒரு சின்ன வில்லை. பேரியமும், எங்கட புல்மோட்டை மணலிலை இருக்கிற டைட்டானியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதிலை வேறை உலோகம் துளி கலந்தாத்தான் கரண்ட் ஓடும். சூடேறினா அதின்ரை பளிங்கு, நீட்டி இழுத்த வடிவம் போய்ச் சரிசதுரக் கட்டையா மாறிடும். உடனே பளிங்குக்குப் பளிங்கு நடுவிலை வேலி உயரும், கரண்ட் தாண்ட ஏலாது. ஆறினாப் பழைய வடிவம், பழைய வழி. நீங்கள் சூட்டோடை சூடா ஆளியைப் போட்டுப் போட்டு அதை ஆறவே விடேல்லை."

ஆதம்பாவா கல்லாப்பெட்டியைத் திறந்தார். "திருப்பித் தா தம்பி. காசு தாறன்."

"முதலாளி விடமாட்டார் நானா. நாலாயிரம் பெறுற பெட்டி, மூவாயிரத்து அறுநூறு லாபம் எண்டு ஆள் துள்ளுறார்."

அன்றே தங்கையின் வாசலுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"சூடானா வழி அடைபடுமாம், ஆறினாத் திறக்குமாம். ஆறவிடுவம் எண்டு நான் கேக்கக்குள்ள நீங்க என்ன சொன்னீங்க? அந்த ஹோட்டல்காரனோட கதைச்சு வச்சுத்தானே கூட்டிவந்தீங்க?"

"அல்லா அறிய இல்ல, பரீதா!"

"என்ட மகன்ட சத்தத்தை வித்துட்டு எனக்குக் கதை சொல்லாதீங்க."

கதவு சாத்தப்பட்டது. பெருநாளன்றும் திறக்கவில்லை. கள்ளன் என்று ஊர் சொன்னாலும் தாங்கியிருப்பார். அவள் நினைத்ததைத் தாங்க அவரால் முடியவில்லை. மோட்டருக்குக் கம்பி சுற்றும் மெஷினை விற்றார். கடையையும் மூடினார்.

அந்த மூவாயிரத்து அறுநூறு ரூபாயோடு போன அன்று பரீதா வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வீடு சத்தமில்லாமல் கிடந்தது.

"புத்தியில்லாத மோடன்தான் நான், கள்ளன் இல்ல. ஒருக்கா நானா எண்டு கூப்பிடு பிள்ள."

அவள் கூப்பிடவில்லை. வலக்கையை விரித்து நீட்டினாள்.

"எண்ணி வைங்க" என்றாள், கடைக்காரனிடம் சொல்வதுபோல.

அவர் ஒவ்வொரு தாளாக எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தார்.