ஜூலைப் பக்கத்துக்கு ஒரு கேமரா

எக்கார்ட் க்ரெச்மர் முப்பத்தெட்டு வருடம் லைப்ஸிக் நகரத்தில் எடை, அளவு முத்திரை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கசாப்புக் கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர், பீர்க் கோப்பையில் போட்டிருக்கும் கோடு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற மறுநாளே அளக்க ஒன்றும் இல்லாமல் கை நமநமவென்றது. நல்லவேளையாக அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அதைவிட நல்லவேளையாக, அக்கம்பக்கத்தில் இன்னும் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குத் தோட்டம் இருந்தது.

எங்கள் தோட்டச் சங்கத்துக்குக் ‘காலைச் சூரியன்’ என்று பெயர். ரயில் பாதையை ஒட்டி வரிசையாகத் தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடில். கோடை வந்தால் சனி, ஞாயிறு முழுக்க எல்லோரும் அங்கேதான் கிடப்போம். வேலிச்செடி ஒரு மீட்டர் இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் போடக் கூடாது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தின்னக்கூடியதாக இருக்க வேண்டும்; மீதியில்தான் பூவும் புல்லும். இந்த விதிகளை எல்லோரும் மதித்தோம், அதாவது யாரும் அளந்து பார்க்கவில்லை. எக்கார்ட் செயலாளர் ஆனதும் அந்தச் சுகம் போயிற்று.

மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சுற்றினார். கையில் மடக்கு அளவுகோல், பெல்டில் தோல் உறை, உறைக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி நிறக் கேமரா. அளப்பார், படம் பிடிப்பார், கடிதம் போடுவார். கடிதம் ‘அன்பான தோட்ட நண்பருக்கு’ என்று தொடங்கும். ‘பதினான்கு நாட்களுக்குள் வெட்டவும்’ என்று முடியும். கிழவர் லொம்மாட்ஷ் தன் கல்யாண நாளில் நட்ட ஊசியிலை மரத்தை அப்படித்தான் வெட்டினார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் லானுக்கும் ஒரு கடிதம் போனது. லான் நூல் மில் வேலைக்காக வியட்நாமிலிருந்து வந்து நாற்பது வருடம் ஆகிறது. எக்கார்ட்டைவிடச் சுத்தமாக எங்கள் ஊர் இழுவையில் பேசுவார். அவர் போட்ட அவரைப் பந்தல் பதினேழு சென்டிமீட்டர் அதிகம். பூவும் பிஞ்சுமாக நின்ற கொடியை லானே தலையோடு வெட்டினார். அதுவரை “எக்கார்ட், நீ” என்று பேசிக்கொண்டிருந்தவர் மறுநாளிலிருந்து “ஹெர் க்ரெச்மர், நீங்கள்” என்று ‘திரு’ போட்டுப் பேசினார். எங்கள் பக்கத்தில் கொடுத்த ‘நீ’யைத் திரும்ப வாங்கிக்கொள்வது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். எக்கார்ட்டுக்கோ மரியாதை கூடிவிட்டதாகத் தோன்றியது. அவர் மனைவி ரோஸ்விதாவுக்குத்தான் நெஞ்சு எரிந்தது. வேலிக்கு மேலாக வந்துகொண்டிருந்த வெள்ளரிக்காயும் பிளம் கேக்கும் நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. வாசலோடு போகிறவர்கள்கூட அவரைக் கண்டால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

ஊர் பேசாததைப் பற்றி எக்கார்ட்டுக்குக் கவலை இல்லை. அவர் கவலை வேறு. சங்கம் வருடா வருடம் ஒரு காலண்டர் போடும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு தோட்டம். அதில் ஜூலைப் பக்கம்தான் ராஜா. எட்டு வருடமாகத் தன் ரோஜாத் தோட்டத்தைப் படம் பிடித்து அனுப்பினார். எட்டு வருடமும் நவம்பர்கூடக் கிடைக்கவில்லை. போன வருடம் ஜூலை யாருக்குப் போனது தெரியுமா? லானுக்கு. அதுவும் ஈரக் கையோடு ஃபோனில் எடுத்த படத்துக்கு.

சங்கத் தலைவர் சிக்மாரிடம் நியாயம் கேட்கப் போனார்.

“தோட்டத்துல குறை இல்ல எக்கார்ட், உன் கேமராதான் குருடு. படத்தப் பெருசு பண்ணினா உன் ரோஜாவெல்லாம் நசுங்கின தக்காளி மாதிரி இருக்கு.”

“அப்ப கேமராவ மாத்தினா?”

“மாத்திட்டு வா, பாப்போம். உனக்குன்னு தனியா ஒரு மாசம் சேத்துக்க முடியாது.”

அந்த வருடம் ரோஸ்விதா பால்டிக் கடலோரத்தில் ஒரு வாரம் அறை எடுக்க நினைத்திருந்தார். பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். எக்கார்ட் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய பெட்டியோடு வந்தபோது கடற்கரை அதற்குள் போயிருந்தது.

“நாப்பத்தஞ்சு மெகாபிக்ஸல்!” என்றார், குழந்தை பிறந்த எடையைச் சொல்கிறவர் மாதிரி. “தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் சட்டைப் பட்டன்ல எந்தக் கலர் நூல்னு தெரியும்.”

“அத எதுக்குப்பா தெரிஞ்சுக்கணும்?”

“கடல் எங்கயும் ஓடிப் போகாது ரோஸ்விதா. ஜூலை போயிடும்.”

ரோஸ்விதா பெட்டிக்குள் இருந்த தெர்மோகோலை எடுத்துக் குப்பையில் பிரித்துப் போட்டார். எங்கள் ஊரில் எவ்வளவு கோபம் வந்தாலும் குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும்.

ஏப்ரலிலும் மேயிலும் எக்கார்ட் பாடம் படித்தார். லென்ஸ் மாற்றினார், ட்ரைபாட் வாங்கினார், தேனீயின் பின்னால் வயிற்றால் ஊர்ந்தார். பழைய கேமராவில் மஞ்சள் புள்ளியாக இருந்த தேனீக்கு இப்போது காலில் மயிர் தெரிந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

அப்புறம் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. மழையோடு ஓடில்லாத நத்தைகள் வந்தன, விரல் தடிமனில், பழுப்பாக, ஆயிரக்கணக்கில். ரோஜாவையும் லாவெண்டரையும் தொடவில்லை. கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ், நூல்கோல் என்று தின்னக்கூடியது மொத்தத்தையும் ஒரே வாரத்தில் மொட்டையடித்தன. எக்கார்ட் கிண்ணத்தில் பீர் ஊற்றி வைத்தார். அடுத்த தோட்டத்து நத்தைகளும் குடிக்க வந்தன.

பூ போனால்கூடப் பரவாயில்லை. காலண்டருக்கு வரும் படத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று விதி. தெரியாவிட்டால் படம் தள்ளுபடி. அந்த விதியைப் பொதுக்குழுவில் எழுந்து நின்று கொண்டுவந்தவர் சாட்சாத் எக்கார்ட்டேதான். இப்போது அவர் கையில் ஊரிலேயே உசத்தியான கேமரா இருந்தது. அதன் முன்னால் வெறும் சேறு இருந்தது.

மூன்று நாள் தூங்காமல் யோசித்தார். நாலாம் நாள், தன்னை யாருக்கும் தெரியாத பகுதியாகப் பார்த்து, நகரத்தின் மறுகோடியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு டிராமில் போய் இருபத்துநாலு நூல்கோல் வாங்கி வந்தார். இலையோடு, உருண்டையாக, பச்சைப் பசேலென்று. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

சமையலறை மேஜையில் ரோஸ்விதா உட்கார்ந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார்.

“எக்கார்ட், இது ஏமாத்து வேலை இல்லையா?”

“ஏமாத்து எப்படி ஆகும்? நட்டிருந்தேன். வந்திருக்கும். நத்தை தின்னுடுச்சு. வந்திருக்க வேண்டியத வச்சுக் காட்டறோம். திருத்தம்னு சொல்லு.”

“லானோட பந்தலுக்கு இந்தத் திருத்தமெல்லாம் கிடையாதா?”

“அது பதினேழு சென்டிமீட்டர்!”

மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு இருவரும் வண்டிச் சக்கரம் கிறீச்சிடாமல் நூல்கோல்களைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எக்கார்ட் வரிசை பிசகாமல் கயிறு கட்டிக் கொடுத்தார். ரோஸ்விதா கயிற்றோடு கயிறாக நட்டுக்கொண்டே வந்து, கடைசி நூல்கோலை லாவெண்டருக்கு முன்னால் வைத்தார். எக்கார்ட் ஈரப் புல்லில் குப்புறப் படுத்தார். சூரியன் ரயில் பாலத்துக்கு மேலே ஏறுவதற்குள் இருநூற்று ஆறு படம். ஒரு வாரம் முழுக்க நூல்கோல் சூப், நூல்கோல் பொரியல், நூல்கோல் சாலட் என்று சாட்சிகளைத் தின்று தீர்த்தார்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை சங்கத்தின் கோடைத் திருவிழா. அடுப்பில் சாசேஜ், அண்டாவில் உருளைக்கிழங்கு சாலட், பீப்பாயில் பீர். சங்கக் கட்டடத்தின் சுவரில் போட்டிக்கு வந்த படங்கள் தொங்கின, எல்லாம் ஒரு தாள் அளவில். எக்கார்ட்டின் படம் மட்டும் தன் செலவில் இரண்டு மீட்டர் அகலம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு ஜாம் பாட்டில். ஆளுக்கு ஒரு காய்ந்த அவரைக்கொட்டை. பிடித்த படத்தின் பாட்டிலில் போட வேண்டும். அதுதான் எங்கள் ஓட்டு.

எக்கார்ட் கழுத்துப்பட்டை கட்டி, கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு படத்தின் பக்கத்தில் நின்றார்.

“தள்ளி நின்னு பாக்காதீங்க, கிட்ட வாங்க! இந்தப் பனித்துளியப் பாருங்க. உள்ள ரயில் பாலம் தெரியுதா? தலைகீழாத் தெரியும்.”

பொய் சொல்லக் கூடாது, படம் அற்புதமாக இருந்தது. அவரைத் திட்டிக்கொண்டே வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மூன்று மணிக்குள் அவர் பாட்டில் பாதி நிரம்பியது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஜூலை அவர் கைக்கு எட்டியது. எக்கார்ட்டின் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

அப்போது லான் வந்தார். ரோஜாவை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் காய்கறிப் பக்கம் போய்க் குனிந்தார்.

“ஹெர் க்ரெச்மர், அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க.”

“தாராளமா! எவ்வளவு கிட்டப் போனாலும் படம் மங்காது.”

லான் வெகுநேரம் பார்த்தார்.

“எங்க எல்லாரோடதையும் நத்தை தின்னுச்சு. உங்க நூல்கோல் மட்டும் நல்லா வந்திருக்கு.”

“மண்ணு அப்படி.”

“எந்த ஊரு மண்ணு?”

“இது என்ன கேள்வி? இந்த மண்ணுதான்!”

“இதுல ஹாலந்துன்னு போட்டிருக்கே.”

சாசேஜ் திருப்பிக்கொண்டிருந்தவர்கூட இடுக்கியைக் கீழே வைத்தார். லாவெண்டருக்கு முன்னால் இருந்த நூல்கோலின் வயிற்றில், நகத்தளவு சீட்டு. லான் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய தேவையே இல்லை, அவ்வளவு தெளிவு.

“விளைந்த நாடு ஹாலந்து. தரம் ரெண்டு.” நிமிர்ந்தார். “நல்ல கேமரா, ஹெர் க்ரெச்மர்.”

தலைவர் சிக்மார் பீரை வைத்துவிட்டு வந்தார். சீட்டில் இருந்த கறுப்புக் கோடுகளுக்கு நேராகத் தன் ஃபோனைப் பிடித்தார். ஃபோன் ‘டிங்’ என்றது.

“எழுபத்தொம்பது சென்ட்,” என்றார். “இந்த வாரம் சலுகையில இருக்காம்.”

அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் ரயில் போனதே கேட்கவில்லை. லொம்மாட்ஷ் கிழவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். எக்கார்ட் முகத்தில் ஈயாடவில்லை. அவரை நினைத்துப் பரிதாபப்பட வேண்டும் என்றுதான் பார்த்தேன், வரவில்லை.

ஆனால் கூட்டம் கலையவில்லை. இன்னும் ஓட்டுப் போடாதவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவராகக் கண்ணாடியை வாங்கி, சீட்டைப் படித்து, கொட்டையை எக்கார்ட்டின் பாட்டிலில் போட்டார்கள். லான் போட்டார். லொம்மாட்ஷ் போட்டார். பாட்டில் நிரம்பி வழிந்தது. சிக்மார் ஊறுகாய் போட்ட பெரிய ஜாடி ஒன்றைக் கழுவி எடுத்து வந்து வைத்தார்.

எக்கார்ட் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“சிக்மார், நான் படத்தத் திரும்ப எடுத்துக்கறேன்.”

“என்னத்துக்கு? எட்டு வருஷமாக் கேட்டியே!”

“இது விதிக்கு விரோதம்.”

“எந்த விதி? தின்னக்கூடியது மூணுல ஒரு பங்கு படத்துல தெரியணும். அவ்வளவுதான? தெரியுது. விலையோட தெரியுது.” சிக்மார் அவர் தோளில் தட்டினார். “வாழ்த்துக்கள். ஜூலை உனக்குத்தான். நூத்துப் பன்னிரண்டு சமையலறை, முப்பத்தோரு நாள்.”

எக்கார்ட் தள்ளாடிக்கொண்டு ரோஸ்விதா இருந்த பெஞ்சுக்கு வந்தார். ரோஸ்விதாவின் முன்னால் யாரோ ஒரு துண்டு பிளம் கேக்கும் காப்பியும் வைத்திருந்தார்கள்.

“ரோஸ்விதா, ஒவ்வொண்ணா நீதான உரிச்ச? அந்த ஒண்ண எப்படிக் கவனிக்காம விட்ட?”

ரோஸ்விதா கேக்கை மென்று விழுங்கி, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“கவனிக்காம விடல எக்கார்ட். எங்க வச்சா வெயில் நேரா விழும்னு பாத்து வச்சேன். உன் பழைய கேமராவா இருந்திருந்தா அத்தனையும் வீணாப் போயிருக்கும்.”

சொல்லிவிட்டு, கைக்குள் வைத்திருந்த அவரைக்கொட்டையோடு வரிசையில் போய் நின்றுகொண்டார்.