ஆறாவது விஷயம் வரும்வரை

தெமெனுகாவுக்குக் கோபம் வரும் என்று சொல்வது தப்பு. கோபம் வந்து போகிறவர்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்லலாம். இவளுக்கு அது வந்து முப்பது வருஷமாகிறது, இன்னும் போகவில்லை.

ருசே நகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியே வெந்நீர் அனுப்பும் வெப்ப நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவள். மேலதிகாரி வந்து "இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா" என்றால், "வந்து கொதிகலன் பக்கத்துல நில்லுங்க சார், ஏத்துறேன்" என்பாள். பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. கொதிகலனும் கடைசிவரை வெடிக்கவில்லை.

அவள் புருஷன் பனாயோத் டிராலி பஸ் ஓட்டியவன். குறுக்கே வந்த கார்க்காரன் எவனும் அவன் வாயிலிருந்து தப்பியதில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவன் திட்டைக் கேட்கவே முன் வாசலில் ஏறுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நரம்பு நோய் வந்தது. முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு, கண்ணை மட்டும் விட்டுவைத்தது.

அந்தக் கண்ணால்தான் இப்போது பேசுகிறான். சக்கர நாற்காலியின் கைப்பிடியில், அவன் மடிக்கு மேலே, ஒரு லேப்டாப் பொருத்தியிருக்கிறது. திரைக்குக் கீழே இருக்கும் சின்ன கேமரா, அவன் கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சேர்க்கும். இயந்திரம் அதை வாய்விட்டுச் சொல்லும். செய்தி வாசிப்பவரின் குரல். அந்த மரியாதையான குரலில் பனாயோத் பழையபடியே திட்டுவான். கேட்பவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

நான்காவது மாடியில் வீடு. லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அந்த லிஃப்ட் கீழே தெருக் கதவுவரை வராது. ஏழு படி உயரத்தில் ஒரு குறுகலான தளத்தில் நின்றுவிடும். இந்த ஏழு படிக்குத்தான் சண்டை. நாற்காலியை ஏற்றி இறக்கும் மேடை ஒன்றை, சுவரோடு மடித்து வைக்கும்படி, நகராட்சியே போட்டுத் தருகிறது. குடியிருப்பவர்கள் சம்மதித்து, நிர்வாகி கையெழுத்திட்ட தீர்மானம் ஒன்று போதும். பதினெட்டு வீட்டில் பத்து வீடு சரி என்றால் பனாயோத் தெருவுக்குப் போகலாம். அவன் மேல் கடைசியாக வெளிக்காற்று பட்டது செப்டம்பரில், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது.

கட்டட நிர்வாகி ஹாரலாம்பி, துறைமுகக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் வெளியே விடாமலிருக்கப் பழகிய மனுஷன். அக்டோபரில் கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் படிகளுக்குக் கீழே, தபால் பெட்டிகள் இருக்கும் கூடத்தில், எல்லாரும் வீட்டுச் செருப்போடு வந்து நிற்பது. பனாயோத்தும் தெமெனுகாவும் மட்டும் மேலே லிஃப்ட் தளத்தில். கூரை ஒழுகல், பெருக்குகிற பெண், சைக்கிள்கள், கதவு மணி, புறாக்கள் என்று ஐந்து விஷயங்கள். ஏற்றுமேடை ஆறாவது. புறாக்களைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார்கள். அதில் பாதி பேசும்போதே லேப்டாப் அணைந்துவிட்டது. ஒரு மணி நாற்பது நிமிஷம், அவ்வளவுதான் அதன் ஆயுள்.

ஆறாவது விஷயம் வந்தது. ஹாரலாம்பி மேலே பார்த்தார்.

"பனாயோத் ஏதாவது சொல்றியாப்பா? ஒண்ணுமில்லையா? சரி, அவரே சொல்ல ஒண்ணுமில்லேங்கறார். அடுத்த கூட்டத்துல பாப்போம்."

"பேட்டரி போச்சு அண்ணே! உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கடைசில வச்சீங்க!" என்று தெமெனுகா கத்தினாள்.

"இந்தா, ஆரம்பிச்சுட்டா," என்றார் அவர். "வீடு அவன் பேர்ல இருக்கு. அவன் பேசட்டும். நீ கோபத்துல பேசுறதை எல்லாம் நோட்டுல எழுத முடியுமா?"

கீழே இரண்டு பேர் சிரித்தார்கள். கோபக்காரியாக இருப்பதில் இது ஒரு கொடுமை. நியாயமே பேசினாலும் காதில் விழுவது கோபம் மட்டும்தான்.

அடுத்த கூட்டம் பிப்ரவரியில். அதற்குள் அந்த இயந்திரத்தை மூன்று மணி நேரம் பேசவைத்தே தீருவது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். புது பேட்டரி கேட்டாள். கருவி கொடுத்த கம்பெனிக்காரன், "ஐந்து வருஷம் ஆகாம மாத்த மாட்டோம், திறந்தா உத்தரவாதம் போயிடும்" என்றான். வெளியிலிருந்து ஏற்றும் சின்ன மின்கலம் எதுவும் அந்தப் பழைய லேப்டாப்புக்குப் பொருந்தவில்லை. நான்காவது மாடியிலிருந்து மாடிப்படி இடுக்கு வழியே நீளமான ஒயரை இறக்கிப் பார்த்தாள். மறுநாளே "பொதுவழியில் ஒயர் விடக் கூடாது, தீ அபாயம்" என்று கதவில் நோட்டீஸ். கீழ்க்கூடத்தில் ஒரு பிளக் இருக்கிறது, பூட்டிய பெட்டிக்குள். சாவி ஹாரலாம்பியிடம். பொது மின்சாரம் தனி மனுஷனுக்கு இல்லையாம்.

"உன் முறை வர்ற வரைக்கும் அணைச்சு வச்சிருக்கலாமே," என்று பனாயோத்திடம் கேட்டாள்.

"அலமாரி மாதிரி உக்காந்திருக்கவா?" என்றது செய்தி வாசிப்பவரின் குரல். "ஒவ்வொரு விஷயத்துக்கும் நான் ஓட்டுப் போடணும். புறாவுக்கும்தான்."

இந்த நிலைமையில்தான், லேப்டாப் சூட்டைத் தணிப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு இணையதளத்தில் அவள் ஒரு விஷயத்தைப் படித்தாள். லேப்டாப்பின் மூளையான செயலிச் சில்லுக்குத் தேவைக்கு மேலேயே மின்னழுத்தம் வைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். ஆயிரத்தில் ஒன்று நோஞ்சானாக இருந்தாலும் ஓட வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் அதே தீனி. கெட்டியான செயலிக்கு அது வீண் சூடு. அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அதே வேலையை சூடில்லாமல் செய்யும், பேட்டரியும் கூட நேரம் நிற்கும்.

படித்து முடித்ததும் அவளுக்கு வந்தது சந்தோஷமில்லை. "கெட்டி எது நோஞ்சான் எதுன்னு பிரிச்சுப் பாக்கச் சோம்பேறித்தனம்! அதுக்கு என் புருஷன் மடியில நெருப்பு!" என்று மேஜையைத் தட்டினாள். உண்மையில் லேப்டாப்பின் சூட்டில் அவன் முழங்கால் சிவந்துகிடந்தது. சூடு என்று சொல்லிச் சொல்லி அவனே சலித்துப்போய் விட்டிருந்தான்.

அதே மாதிரி லேப்டாப் வைத்திருந்த யாரோ ஒருவன் நூற்றுப்பத்து மில்லிவோல்ட் குறைத்திருந்தான். 'ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு மாதிரி, என் எண்ணை அப்படியே போடாதீர்கள்' என்று கீழே எழுதியும் இருந்தான். தெமெனுகா அப்படியே போட்டாள். பிறகு செயலியை முழுவேகத்தில் ஓடவைக்கும் சோதனை நிரலை மத்தியானம் முழுக்க ஓட்டினாள். இயந்திரம் ஆட்டம் காணவில்லை. கொதிகலனையும் முழுத் தீயில் வைத்துத்தானே சோதிப்பது! ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அந்த வியாழக்கிழமை இருவருக்கும் சண்டை. வார்னாவில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். "நான் போகல, உன்னை விட்டுட்டு எப்படிப் போறது" என்று இவள் பிடிவாதம். "போய்த்தான் ஆகணும்," என்றான் பனாயோத். "நீ போனா" என்றவன் அப்படியே நிறுத்தினான்.

"போனா? என்ன போனா? சொல்லு!"

பதில் இல்லை. அவள் சமையலறைக்குப் போய், சுட்ட குடைமிளகாய்களின் தோலை உரித்துக்கொண்டே அங்கிருந்து கத்தினாள். "பேசாம இருந்து ஜெயிக்கப் பாக்குறியா? பஸ்ல ஏறினவங்க கிட்டயெல்லாம் வாய் கிழியப் பேசின மனுஷன், பொண்டாட்டி கிட்ட மட்டும் மௌன விரதமா? இரு. நானும் பேசல. யாருக்கு நஷ்டம்?"

பேசவில்லை என்று சொன்னாளே தவிர, பேசிக்கொண்டேதான் இருந்தாள். அவன் நோயை, அவன் தங்கச்சியை, அவன் பிடிவாதத்தை, முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தை. சொல்லக் கூடாத இரண்டு மூன்றையும் சொன்னாள். கடைசியில் தண்ணீர் கொடுக்க வந்தபோதுதான் அவன் கண்ணைப் பார்த்தாள். அது திரையில் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நீர் வடிந்திருந்தது. திரையில் மணி மூன்று பத்து. சுவரில் மூன்று ஐம்பது.

நாற்பது நிமிஷம் இயந்திரம் உறைந்து கிடந்திருக்கிறது. எல்லாம் கேட்டுக்கொண்டு, எதற்கும் பதில் சொல்ல முடியாமல் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

அணைத்துத் திரும்பப் போட்டாள். குரல் வந்ததும் அவன் விட்ட இடத்திலிருந்தே முடித்தான்: "நீ போனா எனக்கு ரெண்டு நாளாவது நிம்மதி."

அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் வேண்டும். அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்கும் கோபம் வந்தது. அந்த முகமறியாதவனை, அவன் எண்ணை, அவன் ஏழு தலைமுறையைத் திட்டினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவன் போடாதே என்றுதானே எழுதியிருந்தான்.

கோபம் கொஞ்சம் ஆறியபிறகு யோசித்தாள். முழுவேகத்தில் தாங்கியது, சும்மா இருக்கும்போது விழுந்திருக்கிறது. பனாயோத் யோசிப்பதற்காகக் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினான், கேமராவுக்கு வேலை இல்லை, செயலி ஓய்ந்தது, அழுத்தமும் தானாக இறங்கியது. ஏற்கெனவே குறைத்து வைத்ததில் இன்னும் இறங்கினால் மூச்சு நிற்காமல் என்ன செய்யும்? கொதிகலன் குழாயும் முழுத் தீயில் விரிசல் விடாது, தணியும்போதுதான் விடும். இருபத்தொன்பது வருஷம் அதைப் பார்த்தவள் இதை மறந்தாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு சோதனை வேறுவிதமாக நடந்தது. குறைத்த அழுத்தத்தைப் பத்துப் பத்தாகத் திருப்பிக் கொடுத்தாள்: நூறு, தொண்ணூறு, எண்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னலில் தான்யூப் நதிப் பக்கத்துப் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவள் "ம்?" என்பாள். குரல் வந்தால் தேறியது. வராவிட்டால் அவன் கண்ணிரண்டையும் இறுக மூடிக் காட்டுவான். அந்த அடையாளத்தை வியாழக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் இவ்வளவு நேரம் சண்டை போடாமல் இருந்ததில்லை.

அறுபது மில்லிவோல்ட் குறைப்பில் மூன்று வாரம் விழாமல் நின்றது. செயலி திடீரென்று வேகமெடுக்கும் வசதியையும் அணைத்துவிட்டாள். திரை வெளிச்சத்தைப் பாதியாக்கினாள். முழங்காலில் சிவப்பு போயிற்று. பேட்டரி இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம் நின்றது. மூன்று மணி கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் வேறு.

பிப்ரவரிக் கூட்டம் மாலை ஆறரைக்கு. வெளியே பனி. கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் மறுபடியும் ஆறாவதாகவே ஏற்றுமேடை. பதின்மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பனாயோத்தையும் சேர்த்து. ஹாரலாம்பி கூரையிலிருந்து ஆரம்பித்து, தான் கிடங்கில் இருந்த காலத்துக் கூரை வரைக்கும் போய்த் திரும்பினார். எட்டே காலுக்கு மேல் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புன்சிரிப்போடு சொன்னார்:

"ஆறாவது. பனாயோத், சொல்லுப்பா."

"சொல்றேன்," என்றது குரல்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தெமெனுகா பார்த்தாள், ஒரு வருஷத்துக்குப் போதுமான அளவுக்குப் பார்த்தாள். ஆனால் கிடங்குக்காரர் லேசுப்பட்டவரா? நோட்டை மூடினார்.

"நேரமாச்சு. மடிச்சு வச்சாலும் அந்த மேடை ஒரு சாண் இடத்தை அடைக்கும், எல்லாரும் நடக்குற வழி. அவசரப்பட்டு முடிவெடுக்கிற விஷயமில்ல. வசந்த காலத்துல பாப்போம். எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

ஜனங்களுக்கு அது போதும். படியேறத் திரும்பினார்கள். தெமெனுகாவுக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் குரல் முந்திக்கொண்டது.

"தெமெனுகா, கத்தாதே. என்னைக் குறுக்க நிறுத்து."

அவளுக்கு ஒரு நொடிதான் புரியவில்லை. நாற்காலியைத் திருப்பி, மாடிப்படிக் கைப்பிடிக்கும் லிஃப்ட் கதவுக்கும் நடுவில் நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டாள். தளம் அடைந்துவிட்டது. லிஃப்டுக்கும் போக முடியாது, மாடிப்படிக்கும் போக முடியாது.

முதலில் ஏறி வந்தவள் இரண்டாவது மாடி இஸ்க்ரா. "என்னடா பனாயோத் இது? வழியை விடுடா, அடுப்புல பீன்ஸ் சூப் இருக்கு!"

"வெளிக்கதவு திறந்துதான் இருக்கு அக்கா," என்றது குரல், செய்தி வாசிக்கும் நிதானத்தோடு. "ஏழு படி இறங்கினா தெரு. உங்களால முடியும். வீட்டுக்குத்தான் போக முடியாது. எனக்கு அப்படியே தலைகீழ். அஞ்சு மாசமா."

"அடிபிடிச்சுப் போயிடும்டா!"

"கை தூக்குங்க. ஒரு நிமிஷ வேலை."

"இது மிரட்டல்!" என்றார் ஹாரலாம்பி கீழிருந்து. "போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. படியேற முடியாதவன் வழியை மறிச்சான்னு சொல்லுங்க. சிரிச்சுட்டு வருவாங்க."

கதவிடுக்கில் குளிர் வந்துகொண்டிருந்தது. வீட்டுச் செருப்புகள் மாற்றி மாற்றித் தரையைத் தட்டின. இஸ்க்ரா கையைத் தூக்கினாள். "எனக்குச் சூப் முக்கியம்யா. எழுதுங்க!" அவளைப் பார்த்து இன்னொருவர், பிறகு மூன்று பேர், அப்புறம் இன்னும் நாலு பேர். யாரும் பனாயோத் முகத்தைப் பார்க்கவில்லை. சூப்புக்கும் குளிருக்கும் தூக்கிய கைகள் அவை. ஒரு கைகூட அவனுக்காக இல்லையே என்று தெமெனுகாவுக்கு ஆத்திரம். திரையின் ஓரத்தில் பேட்டரி சிவப்பாகியிருந்தது. அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

ஹாரலாம்பி எண்ணினார். இரண்டாம் தடவை எண்ணினார். அவர் முகம் தெளிந்தது.

"ஒன்பது. பத்து வேணும். தீர்மானம் தோத்துப்போச்சு. இப்பவாவது வழியை விடு."

பனாயோத்தின் கண் திரையில் ஓடியது. நாலைந்து நொடிதான் இருக்கும். அந்த நொடிகளில் தெமெனுகா தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சண்டைக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"பத்து," என்றது குரல். "எனக்குத் தூக்கக் கை இல்ல. குரல் இருக்கு. பதினாலாம் நம்பர் வீடு, பனாயோத், சரிங்கறான். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு மேல வாங்க."

அவர் நான்காவது படியில் நின்று, நோட்டை முழங்காலில் வைத்து எழுதினார். மேலேயிருந்து இறங்கி வந்த இஸ்க்ரா, "சீக்கிரம் அண்ணே, கருகுது!" என்று முதுகில் இடித்துக்கொண்டிருந்தாள். தெமெனுகா நோட்டை வாங்கி, எண்ணையும் கையெழுத்தையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் பிரேக்கை எடுத்தாள்.