குடைப் படம் போட்ட சேலை

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வேலூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது.

எங்கள் ஊர் பள்ளிகொண்டா பக்கம். எங்கள் வேம்புலி அம்மனுக்குக் கூழ் ஊற்றச் சாமான் வாங்குவதற்காக நானும் என் நாத்தனாரும் வேலூர் பஜாருக்குப் போயிருந்தோம். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவரைப் போல விவரமானவர் எங்கள் தெருவிலேயே கிடையாது. மீன்காரரிடம் கையாலேயே சண்டை போட்டு, கூட ரெண்டு மீன் போடவைத்துவிடுவார்.

அன்று நாங்கள் இருவரும் ஒரே மாதிரி சேலை கட்டியிருந்தோம். நீலத்தில் உடம்பெல்லாம் குட்டிக் குட்டி மஞ்சள் குடை. எனக்கொன்று, அவருக்கொன்று எடுத்தே ஆகவேண்டும் என்று அவர்தான் அடம் பிடித்தார்.

அந்தச் சேலை வந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஆம்பூரில் ஒரு சின்னத் துணி கம்பெனி. நைட்டி, சுடிதார், சேலை எல்லாம் அவர்களே பிரிண்ட் போட்டுத் தைத்து விற்கிறார்கள். கடை என்று எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் போனில் லைவ் வருவார்கள். பிடித்ததைப் பார்த்து ஆர்டர் சொல்ல வேண்டியதுதான். நடத்துகிறவர் ஒரு முஸ்லிம் அம்மா. அவர்கள் வீடுகளில் அக்காவைப் பாஜி என்பார்கள். அதனால் எங்கெங்கோ இருக்கிற நாங்கள் எல்லாருமே அவரைப் பாஜி என்றுதான் கூப்பிடுவோம்.

தன் துணியின் குறையையும் பாஜி தானே சொல்லிவிடுவார். "தங்கச்சிங்களா, இந்தப் பச்ச மொத தண்ணில சாயம் விடும். வூட்டுக்காரர் வெள்ளச் சட்டையோட ஊறப்போட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்பார். லைவில் இருப்பவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே இதயம் இதயமாக அனுப்புவார்கள்.

காது கேட்காவிட்டாலும் என் நாத்தனார் ஒருநாள்கூட லைவை விடமாட்டார். ஒருமுறை நான் இதைப் பாஜிக்கு வாய்ஸ் அனுப்பிச் சொன்னேன். மறுநாளே வீடியோவில் கூப்பிட்டு அவரைப் பார்த்தார். நாத்தனாரின் பெரிய மூக்குத்தியைப் பார்த்துவிட்டு, தன் மூக்கைத் தொட்டு விரலை விரித்து, ஜொலிக்கிற மாதிரி காட்டினார். அதுதான் பாஜி அவருக்கு வைத்த பெயர். அன்றிலிருந்து லைவ் ஆரம்பித்ததும் முதலில் அந்த ஜாடையைக் காட்டுவார். ஒவ்வொரு துணிக்கும் விலையை விரலால் காட்டுவார். நாத்தனார் என் போனைத் தொட்டுத் தொட்டுச் சிரிப்பார்.

சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கூட்டம் ஜாஸ்தி. "நீங்க போய் சீட் பிடிங்க, நான் பூ வாங்கினு வந்துர்றேன்" என்று ஜாடையில் சொல்லி நாத்தனாரை முன்னால் அனுப்பினேன். இடம் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரி. பையைப் போட்டார் என்றால் கலெக்டரே வந்தாலும் அந்த இடம் கிடைக்காது.

பூ வாங்கிக்கொண்டு ஏறிப் பார்க்கிறேன், அவர் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கீழே இறங்கி ஓடினேன். பூக்காரம்மா என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"இன்னாம்மா இது! இப்பதான அந்தாண்ட பஸ்ல ஏறின? மறுபடியும் இங்க நிக்கிற?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. அவர் பார்த்தது சேலையை. "அது என் நாத்தனாரும்மா! எந்த பஸ்ஸு?" என்று கத்தினேன்.

"அது போய்ட்ச்சே. எந்த ஊரு பஸ்ஸுனு யாரு பாத்தா? நான் பூவ பாக்கறதா, பஸ்ஸ பாக்கறதா?"

நாத்தனார், பக்கத்தில் அதே நிறத்தில் நின்ற வேறு பஸ்ஸில் ஏறிவிட்டார். டைம் கீப்பரிடம் ஓடினேன். அந்த இடத்திலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை, சோளிங்கர் என்று பல பக்கமும் பஸ் போகிறது என்றார். நல்ல மனுஷர், உடனே மைக்கில், "எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று அறிவித்தார். நான் அழுதேவிட்டேன். "ஐயா, அவங்களுக்குக் காது கேக்காதுய்யா."

புறக்காவல் நிலையத்தில் போட்டோ கேட்டார்கள். என் போனில் இருந்த படங்களில் எல்லாம் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். அவரிடம் போன் கிடையாது. ஊர்ப் பெயரை யாரிடமும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் வேலையில் இருந்தார்; உள்ளே போன் கூடாது. தாயே, பேச வராத பொம்பளையாச்சே, பொழுது சாய்ந்தால் எங்கே நிற்பார், யார் கையில் மாட்டுவார் என்றே நினைப்பு ஓடியது. வேம்புலி அம்மா, நீதான் துணை என்று ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் போனில் டிங் என்று சத்தம். பாஜியின் லைவ் ஆரம்பித்துவிட்டது. பூக்காரம்மா சொன்னது மண்டையில் பளிச்சென்று அடித்தது. முகத்தை யாரும் பார்ப்பதில்லை, சேலையைப் பார்க்கிறார்கள்! துணியையே உற்று உற்றுப் பார்க்கிற பெண்கள் இத்தனை பேர் இந்த லைவில் இருக்கிறார்களே!

ஆர்டர் எடுக்கிற நம்பருக்கு அழுதுகொண்டே வாய்ஸ் அனுப்பினேன். லைவில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு பெண் வந்து பாஜியின் காதருகே போனை வைக்கிறாள். பாஜியின் கையிலிருந்த சுடிதார் கீழே விழுந்தது.

"யா அல்லாஹ்! தங்கச்சிங்களா, இன்னிக்கு வியாபாரம் கிடையாது. நம்ம மூக்குத்தி அக்கா வேலூர்ல காணாமப் போய்ட்டாங்க. முகம் தெரியலன்னா பரவால்ல, இதப் பாருங்க" என்றவர், உள்ளே ஓடி அதே குடைப் படம் போட்ட நைட்டி ஒன்றை எடுத்து வந்து கேமரா முன்னால் விரித்துப் பிடித்தார். "இதே நீலம், இதே மஞ்சக் குடை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் வெளிய வந்து பாருங்க. ஓடுங்க!"

அடேயப்பா! வந்து குவிந்தன பதில்கள். 'பாஜி, நான் ராணிப்பேட்டை முத்துக்கடைல நிக்கறேன்.' 'நான் வாலாஜா, மாமியாரையும் கூட்டினு போறேன்.' 'சோளிங்கர் பஸ் எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரர் ஏறிப் பாக்கறாரு.' முன்பின் பார்த்திராத பெண்கள். இதயம் அனுப்பும்போது பெயரை மட்டும் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு கூத்து. காட்பாடியில் குடைச் சேலையைப் பார்த்துவிட்டதாக ஒருத்தி எழுதினாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே இன்னொரு பதில்: 'அய்யோ அக்கா, அது நான்! நானும் அந்த சேலைதான் வாங்கினேன். நானும் தேடிட்டுதான் இருக்கேன், என் தோளைத் தட்டாதீங்க!' அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஆற்காட்டிலிருந்து வந்தது அந்தச் செய்தி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மக்கன் பேடா என்கிற இனிப்பு விற்கும் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. 'இங்க இருக்காங்க பாஜி. மூக்குத்தியும் இருக்குது. ஆனா கிட்ட போனா பயப்படறாங்க. கரண்டு கம்பத்த கட்டிப் பிடிச்சினு வரமாட்டேங்கறாங்க. கூட்டம் கூடுது.'

கூட்டத்தைப் பார்த்து மிரண்டு மறுபடி எந்தப் பஸ்ஸிலாவது ஏறிவிட்டால்?

"உங்க போனை அவங்க முன்னால காட்டுங்க" என்றார் பாஜி. அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் வந்தார். மூக்கைத் தொட்டு விரலை விரித்தார். மறுபடியும் காட்டினார். இரண்டு கையாலும், உட்காருங்கள் என்றார். குடை நைட்டியைத் தன் மேல் வைத்துக் காட்டி, பஸ் ஓட்டுகிற மாதிரி கையைச் சுழற்றினார். இதைக் கட்டிக்கொண்டு ஒருத்தி பஸ்ஸில் வருகிறாள் என்று அர்த்தம். எனக்குப் பாஜியின் முகம் மட்டும்தான் தெரிகிறது. ஆற்காட்டில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஓயாமல் வந்துகொண்டிருந்த பதில்கள்கூட நின்றுவிட்டன.

அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது. 'உக்காந்துட்டாங்க பாஜி. சிரிக்கறாங்க.'

பாஜி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

ஆற்காட்டில் போய் இறங்கினால், பேடா கடைக்குள் நாத்தனார் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் நாலைந்து பெண்கள். ஒருத்தி விசிறுகிறாள், ஒருத்தி காபி ஆற்றுகிறாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுவிட்டுக் கையாலேயே பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி! இடம் பிடித்து வைத்தேனே, ஏன் ஏறவில்லை? பக்கத்து சீட்டில் பையைப் போட்டு, உட்கார வந்தவர்களோடெல்லாம் ஆற்காடு வரைக்கும் சண்டை போட்டேனே! இடுப்பிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். பெண்களுக்கு இலவச பஸ் என்பதால் கண்டக்டர் எந்த ஊர் என்று அழுத்திக் கேட்காமல், இவர் இரண்டு விரலைக் காட்டியதும் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறார்.

கடைக்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காணாப்போனது இவங்க இல்லம்மா, நீதான்!"

லைவிலிருந்து இன்னும் யாரும் போகவில்லை. வீடியோ காலில் நாங்கள் இருவரும் குடைச் சேலையில் ஜோடியாக நின்று கும்பிட்டபோது பாஜி, "அல்ஹம்துலில்லாஹ்! போங்க தங்கச்சிங்களா, போய் அடுப்பப் பாருங்க. துணி நாளைக்கு விக்கலாம்" என்றார்.

மறுவாரம் கூழ் ஊற்றினோம். ஆம்பூரிலிருந்து பாஜியும் தையல்காரப் பெண்கள் சிலரும் வந்தார்கள். ஆற்காட்டு அம்மா டப்பா நிறைய பேடா கொண்டுவந்தார்.

அதற்கு முன்பெல்லாம் காணவில்லை என்று போனில் ஏதாவது படம் வந்தால், ஐயோ பாவம் என்று தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது நின்று, என்ன உடை, என்ன நிறம் என்று மனசில் பதியவைத்துக்கொண்டுதான் வாசலைவிட்டு இறங்குகிறேன். எங்கள் அம்மனை ஆயிரங்கண்ணுடையாள் என்று சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வருகிறேன். அந்தக் கண்கள் எங்கே இருக்கின்றன என்று அன்றைக்குப் பார்த்துவிட்டதால், அதில் ஒன்றாக என் கண்ணும் திறந்தே இருக்கட்டும் என்றுதான் இப்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.