கதவில்லாத ரேடியோக் கடை

ரேடியோவின் கண்ணாடி வால்வைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறாள் கன்னியம்மா. உள்ளே கலகலத்தால் "செத்துப்பூட்டான்" என்பாள். சத்தமில்லையென்றால், "மூச்சு கீது, பொயச்சுக்குவான்."

ராயபுரத்தில் சரக்கு ரயில் பாதையோரம் அவள் தகரக் கொட்டகை. வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலிசெய்தபோது ஏலத்தில் தள்ளிவிட்டுப் போன ஆதிகாலத்து ரேடியோக்கள் சுவர் நெடுக. பூசணிப்பூ மாதிரி வாய் பிளந்த குழாய் வைத்ததுகூட உண்டு. விலை கேட்டால் வள்ளென்று விழுவாள். புது செட்டுகளைப் பழுது பார்ப்பதில்தான் அடுப்பெரிகிறது. இன்னொரு கூத்து, கடைக்குக் கதவே கிடையாது, சாக்குப் படுதாதான். இருந்த கதவையும் கழற்றி விறகாக்கிவிட்டாள். திருடன் வந்தால்? "வரட்டும். தட்டாம வந்தா சரி."

தட்டியதால் வந்த வினை அது. அவள் புருஷன் வேலப்பன் கப்பலில் வேலை பார்த்தவன். கரையிலிருக்கும் நாட்களில் ரேடியோ பழுது பார்ப்பான், இவள் விளக்குப் பிடிப்பாள். சண்டைக் காலத்தில் சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் மாட்டிக்கொண்டான். பிடிபட்டவர்கள் வீட்டுக்குச் சொல்லும் சேதியை எதிரியின் வானொலி வாசிக்கும். அதைக் கேட்டால் இங்கே போலீஸ் பிடிக்கும். எதிர்வீட்டுக் கருணாகரன் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியில் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ராயபுரம் கன்னியம்மாவுக்கு வேலப்பன் சொல்லுவது..." அந்த நேரம் பார்த்து, அடுப்புக்கு நெருப்பு கேட்டு இவளே போய்க் கதவைத் தட்டினாள். போலீஸ் என்று பதறி அவர் ரேடியோவை அணைத்துவிட்டார். மறுபடி போட்டபோது வேறு யாருடைய பெயரோ வந்தது.

சண்டை முடிந்து எத்தனையோ வருஷமாயிற்று. ஆளும் வரவில்லை, சேதியும் இல்லை. என்ன சொல்லியனுப்பினான் என்ற ஏக்கம் மட்டும் அவளை விட்டபாடில்லை. அந்த செட்டைக் கருணாகரன் பயத்தில் மறுநாளே காயலான் கடையில் தள்ளிவிட்டார். பழைய செட்டாக வாங்கிச் சேர்த்துக் கன்னியம்மா தேடுவது அதைத்தான். குரல் பெட்டிக்குள் தங்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கேட்டால் சொல்வாள்: "தெர்யும் நைனா. ஆனா அவுரு பேரு கடசியா வந்தது அதுலதானே?"

நேற்று சௌக்கத் அலி பாய் தன் செட்டை வாங்கிப்போக வந்தார். திருவொற்றியூர் ரயிலைப் பிடிக்கிற அவசரம். பழுது தீர்ந்த ரேடியோவில் மிளகாய் விலை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாய் அணைக்கக் கை நீட்டினார்.

"இரு பாய், ஒரு ஆளு பேசிகினு கீறாரு."

"மொளகா வெலதானேம்மா!"

கன்னியம்மா குமிழை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். வாசித்தவர் வணக்கம் சொல்லும்வரை கையை எடுக்கவேயில்லை.