மச்சானின் படகுக்கு ஒரு ஹவர் மீட்டர்

மச்சான் என் தங்கையைக் கட்டியவன். அதற்கு முன்பே எனக்குக் கூட்டாளி. திருகோணமலையில் டொல்பின் பார்க்க ஆட்களைப் படகில் ஏற்றிப் போகிறவன். போன மாதம், படகுகளுக்கு வயரிங் செய்யும் என் கடைக்கு ஒரு ஹவர் மீட்டரோடு வந்தான். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சின்னப் பெட்டி அது, ஓடும்போது அதில் ஒரு வெளிச்சப் புள்ளி மின்னும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சத்தத்தைக் கேட்டே ஓயில் மாத்திற ஆளுக்கு இதென்னத்துக்கடா?”

“கதையை விட்டுட்டுப் பூட்டித் தாவன்.”

சாவிக்குப் போகும் வயரில் தொடுத்தால் சட்டென்று முடிகிற வேலை. ஏலாது என்றான். சாவி திறந்திருந்தாலே அது மின்னுமாம். எஞ்சின் உண்மையில் ஓடினால் மட்டும் மின்ன வேண்டுமாம். சரியென்று, எஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் துடிக்கிற பிளக் வயரில் சுற்றிக் கொண்டுவந்தேன். மீட்டரையும் ஸ்டியரிங்குக்கு நேர் முன்னால் வைக்கச் சொன்னான். கரையோரம் கட்டிக்கிடந்த அவன் படகில் வெயிலோ மண்டையைப் பிளந்தது. கல்யாணத்தில்கூட இவன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கவில்லையே என்று திட்டிக்கொண்டே பூட்டினேன்.

“ஸ்டார்ட் பண்ணிப் பார்.”

எஞ்சின் உடனே பிடித்து மெதுவாக ஓடியது. படகு அலையில் ஆடியதில் அதன் அதிர்வு காலுக்குத் தெரியவில்லை. மீட்டர் மின்னவில்லை, வயரின் ஒரு முனை சரியாக இறுகவில்லை. அவன் மீட்டரையே பார்த்தபடி மறுபடியும் சாவியைத் திருகினான். ஓடுகிற எஞ்சினில் ஸ்டார்ட்டர் கிறீச்சிட்டது.

“டேய், ஓடுதடா! விடு!”

திரும்பவேயில்லை. இன்னொரு தரம் திருகினான். பாய்ந்து கையைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்தான், பிறகு எஞ்சினைப் பார்த்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“இடது காது முழுக்கப் போயிட்டுது. வலது கொஞ்சம் கேக்கும். வெளியில தெரிஞ்சா ஆர் மச்சான் என்ர போட்டில ஏறுவினம்? தங்கச்சியிட்ட மட்டும் சொல்லிப்போடாத.”

இந்தக் காதோடா ஆட்களை ஏற்றிப் போகிறாய் என்று கத்த வாயெடுத்தேன். கத்தினாலும் அவனுக்குச் சரியாகக் கேட்காதே. பாவம், எவ்வளவு காலம் இதைத் தனியாகச் சுமந்தானோ.

“டொக்டரிட்டக் காட்டாமல் இனி ஒருத்தரையும் ஏத்தக்கூடாது,” என்றேன், அவன் முகத்துக்கு நேரே நின்று. ஓம் என்று தலையாட்டினான்.

முனையை இறுக்கினேன். மீட்டர் மின்னத் தொடங்கியது. அப்போது தங்கை எனக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணா, மீட்டர் பூட்டியாச்சோ?”

“ஓம்.”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“தனக்குக் காது கேக்கேல்லையெண்டு உங்களிட்டயெண்டாலும் சொன்னவரோ? நான் கதைக்கேக்க என்ர வாயைப் பார்த்துத்தான் மறுமொழி சொல்லுறார். எனக்கு இன்னும் சொல்லேல்ல, அண்ணா.”

போனை அவனிடம் நீட்டப் போன கையை இழுத்துக்கொண்டேன். எஞ்சினை நிறுத்தி, அவன் தோளைப் பிடித்து எழுப்பினேன்.

“வீட்டை வா. அவளிட்ட நீயே சொல்லு.”