டார்கஸ் லார்ட்டரின் ஆட்சேபணை

டார்கஸ் லார்ட்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்த் தேவாலயப் பக்கம் வந்ததே இல்லை. கடவுள் இல்லை என்று சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் கிழங்கு லாரி ஓட்டிய முப்பத்தொரு வருடமும் அதன் ஜன்னல் வழியாக ஊருக்கே சொன்ன பெண்மணி. ஆனால் செவ்வாய்க்கிழமை, உள்ளே ஆளில்லாத நேரம் பார்த்து வருவார். வடக்குச் சுவரோரம் படுத்திருக்கும் கல் சீமாட்டியின் காலடியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மணிக்கயிறுகளைச் சரிபார்க்க நான் வரும் நாளும் அதுதான். தலையசைத்துக்கொள்வோம், பேச்சு கிடையாது.

அங்கே பழைய கல்லறைகளின் மேல் படுத்த நிலையில் இரண்டு கற்சிலைகள். சர் ரால்ஃப் இரும்புக் கவசமும் கேடயமுமாக, காலடியில் சிங்கம், கல்லின் விளிம்பைச் சுற்றிப் பெயரும் பட்டமும். அவர் பக்கத்தில் மனைவி. கூப்பிய கைகளில் விரல்கள் உடைந்துபோயின. காலடியில் நாய், அதற்குத் தலை இல்லை. விளிம்பில் ஓர் எழுத்துகூட இல்லை.

வசந்தத்தில் ஆலயக் குழு ஒரு முடிவெடுத்தது. ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்க அங்கே ஒரு சமையல் மேடை வேண்டும். சீமாட்டியைக் கோபுரத்தின் அடியில், ஏணிகள் கிடக்கும் இடத்துக்கு மாற்றிவிடலாம். சர் ரால்ஃப் இருந்த இடத்திலேயே இருப்பார். அறிவிப்பு இருபத்தெட்டு நாள் தொங்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் திருச்சபை நீதிபதியின் அனுமதி கிடைத்துவிடும்.

இருபத்தாறாம் நாள் டார்கஸிடம் முதல்முறையாக வாய் திறந்தேன். "அந்த அம்மாவை எடுக்கப்போறாங்க. நோட்டீஸ் உள்ள இருக்கு."

அவர் அதை இரண்டு முறை படித்தார். நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஆலய நிர்வாகி கிளைவ் அட்டிங், அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர், அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏய் கிளைவ், மெஷினை நிறுத்து. நோட்டீஸை வெளியில தெரியற மாதிரி ஒட்டணும்னு அதுலயே போட்டிருக்கு. நீ பூ வைக்கிறவங்க பட்டியலுக்குக் கீழ ஒட்டியிருக்க."

"வெளிய மழை, டார்கஸ்."

"வெளியில கண்ணாடிப்பெட்டி எதுக்கு? போன வருஷ கிறிஸ்துமஸ் கச்சேரியை இன்னும் விளம்பரம் பண்ணவா?"

"கோயிலுக்கே வராதவ, உனக்கென்ன?"

"ஊர்ல குடியிருக்கிற யாரும் ஆட்சேபிக்கலாம்னு இருக்கு. முட்டி போடணும்னு இல்ல."

உள்ளே ஒட்டியதைப் பார்க்க வருபவர்கள் எல்லாருமே தேநீர் குடிக்கப்போகிறவர்கள் என்பது கிளைவுக்குத் தோன்றவேயில்லை. இருபத்தெட்டு நாள் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியது, இம்முறை கண்ணாடிக்குள்.

பாதிரியார் ஹார்வுட் அம்மையார் ஊரைக் கூட்டினார். மென்மையானவர். "யாரும் அவங்களைத் தூக்கி எறியல, டார்கஸ். சர் ரால்ஃபுக்குப் பேர் இருக்கு, வரலாறு இருக்கு. அந்த அம்மா யாருன்னே தெரியலையே."

டார்கஸ் கோட்டுப் பையிலிருந்து பழுப்பேறிய செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்தார். அவர் ஓய்வுபெற்ற நாளின் படம்; பின்னால் அவருடைய லாரி. சத்தமாகப் படித்தார்: "'டாம் லார்ட்டரும் மனைவியும்.' டாம் ஒரு நாளும் அந்த லாரியை ஓட்டினதில்ல. படம் எடுக்கத்தான் வந்தான், அதுவும் என் தொப்பிய மாட்டிக்கிட்டு." பின்வரிசையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "பொண்டாட்டி பேரை எழுதாம விட்டவரு சிங்கத்து மேல காலை நீட்டிப் படுத்திருப்பாரு. பேர் விட்டுப்போனவ ஏணியோட போகணுமா? இடம் வேணும்னா அவரை நகர்த்துங்க."

அந்த வாரமே பதினேழு ஆட்சேபணைக் கடிதங்கள் போயின. பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வராதவர்களுடையவை. ஒன்று என்னுடையது. திருச்சபை நீதிபதி அனுமதி மறுத்தார்.

இப்போது தேநீர்ப் பாத்திரம் கோபுரத்தின் அடியில் இருக்கிறது. மணியடிக்கும் எங்களுக்கு நிற்க இடமில்லை. கயிற்றில் ஆவி ஏறுகிறது. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

டார்கஸ் இன்னும் செவ்வாய்க்கிழமைதான் வருகிறார். போன வாரம் தானே தேநீர் போட்டுக்கொண்டு, சீமாட்டியின் காலடியில் உட்கார்ந்து, சுடச்சுட இருந்த கோப்பையை சர் ரால்ஃபின் கேடயத்தின் மேல் வைத்தார்.

கதவருகே நின்ற கிளைவ் பதறினார். "அது எழுநூறு வருஷக் கல்லு!"

"தெரியும்," என்றார் டார்கஸ். "அவரு ஆட்சேபணை எழுதிப் போடட்டும்."